விட்டு விட்டு வந்த குரல்

முப்பத்தெட்டு வயதில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பட்டம் வாங்கும் ஆசை வந்தது. தொலைதூரக் கல்வியில் பொருளியல் சேர்ந்தார். முதல் வருடம் தபாலில் புத்தகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடி வகுப்பு. கடைசி வரிசையில் உட்காருவார், எழுந்து வருவார். சின்ன வயதிலிருந்தே திக்குவாய் என்பதால் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

இரண்டாம் வருடம் பாடமெல்லாம் இணையத்துக்கு மாறியது. மனிதர் கொதித்துப் போனார்.

"பு...புத்தகம்னுதானே சேர்ந்தேன். இப்ப போனை நோண்டச் சொல்றாங்க."

தையல் கடையில் துணி வெட்டும் மனைவிதான் அவர் போனில் தளத்தைத் திறந்து கொடுத்தாள். "பிடிக்கலைன்னா நிறுத்திக்குங்க. பார்க்காமலே திட்டாதீங்க."

மதியம் மொட்டைமாடி மோட்டார் அறையில், கிரீஸ் படாத சுண்டுவிரலால் பாடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாதி எழுதிய கட்டுரை ஒருநாள் மாயமாய் மறைந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் குடைந்தது. கேள்விப் பெட்டியில் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்: 'விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிறீர்கள். மருந்து விலை ஏறினால் குறைவதில்லையே, ஏன்?'

சாயங்காலம் ஆசிரியையின் பதில் வந்தது: 'நான் சொல்லியிருக்க வேண்டியது. நேரலை வகுப்பில் நீங்களே இதைப் பேசுங்கள்.'

"முடியாதுன்னு எழுதிடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எழுதுங்க. ஆனா உங்க கேள்வியை வேற யாரோ பேசுவாங்க, பரவாயில்லையா?"

வகுப்பன்று பேச ஆரம்பித்தார். "ம...ம...மருந்து..."

ஒரு மாணவி குறுக்கிட்டாள். "அண்ணா, உங்க நெட் விட்டு விட்டு வருது."

"நெ...நெட் நல்லாத்தான் இருக்கு. நான்தான் விட்டு விட்டு வரேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார், மற்றவர்களும் சிரித்தார்கள். "மன்னிச்சுக்குங்கண்ணா, சொல்லுங்க" என்றாள் அவள். ஆசிரியை மற்றவர்களின் மைக்கை அணைத்துவிட்டார். அவர் நான்கு நிமிடம் பேசினார்.

அந்த வருடம் ஒரு தாளில் தோற்றார். மறுபடி எழுதித் தேறினார். மூன்றாம் வருடம் நேரடி வகுப்பா, இணையமா என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. இணையத்தில் குறி போட்டார்.

"அவ்வளவு திட்டினீங்களே?" என்றாள் மனைவி.

"நேர்ல பேசினா, பா...பாதியிலேயே யாராவது என் வார்த்தையை முடிச்சு வெச்சிடறாங்க. இங்க மத்தவங்க மைக்கை அணைச்சு வைக்கிறாங்க. நா...நானே முடிக்கிறேன்."