மாத்திரை வாங்கிய பொம்மைகள்

மன்னார்புரத்தில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஊசி போடச் சொல்லித்தரப் பலர் உண்டு. நான் சொல்வது வேறு விஷயம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்கின்சன் நோய்க்காக ஒரு மாமா வருவார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சட்டைப் பட்டன் வாங்கக்கூட நாலு கடை விசாரிக்கும் ரகம். புது மாத்திரையில் கை நடுக்கம் அடங்கி ஜம்மென்று நடந்தார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

அன்று டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெருமையாகத்தான் ஆரம்பித்தார்.

“இவருக்கு இப்போ கொலு மேல அவ்ளோ ஆசை சிஸ்டர். தினம் பொம்மை வாங்கறார்.”

“ஆனி மாசத்துலயா மாமி?”

மாமியின் குரல் இறங்கியது. “கட்டிலுக்கடியிலயும் பொம்மைதான். இடம் போறலைன்னு, இந்த ஆத்தை வித்துட்டு திருவானைக்காவல்ல பெரிசா வாங்கப் போறாராம். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வாங்கறார். எல்லாம் தசாவதார செட். பெருமாளை வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

“எப்பலேருந்து இப்படி?”

“கை நடுக்கம் நின்னதுலேருந்துதான்.”

சிலருக்கு இந்த மாத்திரை ஆசையைக் கட்டுக்கடங்காமல் தூண்டிவிடும். சூதாட்டம், ஷாப்பிங், தீனி என்று எதில் வேண்டுமானாலும் இறங்கிவிடுவார்கள். இவருடையது பக்தியாகத் தெரிந்ததால் தெருவே பாராட்டிக்கொண்டிருந்தது. உடனே டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் விளக்கியதும் மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என் ஆசையைப் போய் மாத்திரைங்கறேளே!”

“டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்ப்போம் சார். நீங்களா நிறுத்திடாதீங்க. வீட்டை மட்டும் நவராத்திரி வரைக்கும் விக்காதீங்க. அப்பவும் ஆசை இருந்தா வித்துக்கோங்க” என்றார் டாக்டர்.

மாமா முறைத்துக்கொண்டே தலையாட்டினார்.

நவராத்திரிக்கு அவர்களுடைய அதே ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத்தான் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு பொம்மையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு முழு தசாவதார செட். நீட்டிய மாமாவின் கை லேசாக நடுங்கியது.

“கெட்டியா பிடிச்சுக்கோங்கோ சிஸ்டர். இத்தனையும் நானா வாங்கினேன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு” என்று சிரித்தார்.

“கை நடுங்கினா நடுங்கட்டும் சிஸ்டர். எங்காத்து மனுஷர் திரும்பி வந்துட்டார்” என்றார் மாமி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதனால் பெண்களே, கை எப்படி இருக்கிறது என்று நோயாளியிடம் கேளுங்கள். பிறகு வீட்டாரைத் தனியே உட்காரவைத்து, “வீட்டுக்குப் புதுசா என்னல்லாம் வருது?” என்றும் கேளுங்கள்.