நாய் கொடுத்த சர்டிபிகேட்

இன்று சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கி, லஸ் பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மாள். குழந்தை கையில் வெந்நீர் கொட்டிவிட்டதாம், புண்ணில் தடவத் தேன் வேண்டுமாம். கடைக்காரர் அவரிடம் கொடுத்த சீசாவை நான் வாங்கி மோந்து பார்த்தேன். வெல்லப்பாகு.

"இது தேன் இல்லை" என்றேன்.

"இன்னாம்மா நீ! சொக்கத் தேனு. அசல் தேன்னா நாய் நக்காது, பாரு!"

எதிர் காபி கிளப் வாசலில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிடந்த நாயிடம் ஒரு சொட்டை நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அவர் கடை வெல்லத்தில் ஒரு துண்டை எடுத்து நானும் நீட்டினேன். அதற்கும் திருப்பிக்கொண்டது.

"அப்போ இந்த வெல்லமும் தேனா?"

அம்மாள் சீசாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த பெரியவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"நடுத்தெருவுல பொம்மனாட்டிக்கு என்ன பரீட்சை வேண்டிக்கிடக்கு?"

"தேனின் மருத்துவ குணத்தை ஆராய்வதுதான் என் உத்தியோகம். ஆராய்ச்சிசாலையிலும் உங்களை மாதிரி நாலு பேர் கேட்கிறார்கள். நான் நிறுத்தவில்லை."

ரசாயனம் படித்தவள் சொன்னால் சந்தேகம், நாய் சொன்னால் வேதவாக்கு!

உங்கள் தெருவில் தேனுக்குச் சர்டிபிகேட் கொடுப்பது யார்? நாயா, எறும்பா? யாராக இருந்தாலும் கூட்டிவாருங்கள். வெல்லத்தோடு காத்திருக்கிறேன்.