குட்டி டிராக்டரோடு வேலி போடப் போனேன்

வேலி போடுகிற தொழிலில் குழி தோண்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. குழி தோண்ட விடமாட்டார்கள், அதுதான் கஷ்டம். பெயின்டர், பிளம்பர், பந்தல்காரர் யாராவது இதைப் படித்தால் "உனக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டிருக்கும் சென்னைவாசிகளுக்கு வேலி போட்டுத் தருகிறவன் நான்.

மைலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ராஜி மாமிக்கு மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம். பக்கத்து நிலத்துக்காரர் ஏழுமலை ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு முழம் மாமி பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். சர்வேயர் அளந்து கல் நட்டாகிவிட்டது. மழை பெய்து ஏழுமலை உழ ஆரம்பிப்பதற்குள் வேலி நிற்காவிட்டால் அந்தக் கல்லும் நகர்ந்துவிடும். "ரெண்டே நாள் மாமி, புது டிராக்டர் வாங்கியிருக்கேன்" என்று வாயை விட்டேன்.

குட்டி வண்டி

பின்னால் குழி தோண்டும் திருகு மாட்டிய சின்ன டிராக்டர். "எந்தச் சந்திலும் நுழையும் சார்" என்று விற்றவர் சத்தியம் செய்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, பெருமையோடு என் டிரைவர் தாஸைக் கூப்பிட்டேன்.

தாஸ் இத்தனை வருஷமாகப் பெரிய டிராக்டரிலேயே உட்கார்ந்து பழகியவன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். தெருவே வேடிக்கை பார்க்கும்போது கேட்டான்: "இன்னா நைனா, டிராக்டர் வாங்கியாறேன்னு போய்ட்டு அதோட புள்ளைய இட்டுக்கினு வந்துகீறே? இதோட அம்மா எங்க கீது?"

நல்ல நேரம்

முதல் குழியைத் தான் பார்க்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். நேரில் வரமாட்டார், வீடியோ காலில்தான். நாங்கள் போய் இறங்கியபோது ராகு காலம். அது முடிந்ததும் மாமிக்கு வகுப்பு. வகுப்பு முடிந்தால் எமகண்டம். ஆட்கள் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார்கள், நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் உத்தரவு வந்தது. தாஸ் வண்டியைக் கிளப்ப, திருகு கடகடவென்று மண்ணுக்குள் இறங்கியது. போனில் மாமிக்குப் பின்னால் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாராட்டாவது வரும் என்று காத்திருந்தேன். மாமி காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டி நன்னாத்தான் இருக்கு. ஆனா சுருதியிலயே நிக்க மாட்டேங்கறதே, கொஞ்சம் எறக்கி வெக்க முடியுமோ?"

பாறை

மறுநாள் நாலாவது குழியிலேயே பாறை. திருகு நின்றது, போல்ட் உடைந்தது. தாஸ் பைக்கில் டவுனுக்குப் போய் ஒரு போல்ட் வாங்கி வந்தான், அது சேரவில்லை. மறுபடி போனான். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஏழுமலை வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து காலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, ஆறுதலாகச் சொன்னார்: "இன்னாத்துக்கு அவசரம்? ஒரு மழை வரட்டும், மண்ணு எளகிடும். எனக்கும் அப்ப உழவு இருக்குது, ஒண்ணா சேர்ந்தே வேலை பாக்கலாம்."

மூன்றரை அடி

தாஸ் சரியான போல்ட்டோடு திரும்பியதும், அந்த வயிற்றெரிச்சலில் பாறையை விட்டுத் தள்ளித் திருகை இறக்கி, அன்று இருட்டுவதற்குள் குழிகளை முடித்தோம். வண்டியை உள்ளே நிறுத்திவிட்டு, வாசலில் கேட் தூண்களுக்குக் கான்கிரீட்டும் போட்டுவிட்டோம். கேட் மாமி கொடுத்த அளவு, மூன்றரை அடி. "என் ஸ்கூட்டர் போனா போறும். பெரிசா வெச்சா மாடெல்லாம் வந்துடும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் தூண்களை நட்டு, சாயந்திரம் கம்பி இழுத்து, கேட்டை மாட்டி, போட்டோ எடுத்து மாமிக்கு அனுப்பினேன். தாஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தான். நிறுத்தினான். இறங்கினான். கேட்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

எந்தச் சந்திலும் நுழையும் வண்டிக்கு அகலம் நாலு அடி. ரோட்டோரம் முழுக்க வாய்க்கால், பாலம் கேட்டுக்கு நேராக மட்டும்தான். பின்னால் ஏரிக்கரை, ஒரு பக்கம் முள்ளுக்காடு. மிச்சமிருந்தது ஏழுமலையின் நிலம், அவர் பக்கம் வாய்க்காலுக்குத் தனிப் பாலம் உண்டு. முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது. மழை பிடித்தால் வண்டி சேற்றில் இறங்கிவிடும். யாரைத் தடுக்க வேலி போட்டேனோ அவரிடமே போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டு தூண்களுக்கு நடுவில் நாங்கள் கம்பியைக் கழற்றும்வரை காத்திருந்தார். மண் கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து முன்னால் நடந்து, வண்டியை ரோட்டில் கொண்டுபோய் விட்டார். நனைந்துகொண்டே கம்பியைத் திரும்ப முறுக்கி முடித்தோம். அவர் வேலியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்: "நல்லா ஸ்ட்ராங்கா இருக்குதுப்பா. நான் இனிமே அந்தப் பக்கம் வர முடியாது, சரி. நீங்க வேலி போட்ட மொத நாளே இந்தப் பக்கம் வந்துட்டீங்களே, இதுக்கு யாரு வேலி போடறது?"

மாமியின் நிலம் தப்பித்தது, டிராக்டரும் தப்பித்தது; என் மானம் மட்டும் ஏழுமலை வயலில் இரண்டு சக்கரத் தடமாகக் கிடக்கிறது.