மருதாணி படிந்த கட்டை

அரைத்த மருதாணியின் பச்சை வாடையும் வார்னிஷின் நெடியும் ஒன்றாய்க் கலந்து வந்தால், எழுபதைக் கடந்த இந்த வயதிலும் என் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. அவ்விரண்டும் எனக்குள் ஒன்றாய்ச் சேர்ந்தது திண்டிவனத்தில், எங்கள் தேவாலயத்தின் பெரிய பியானோவின் அருகில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையில்.

என் தாயார் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து, அத்தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் அமர்ந்தவர். போதகரின் மனைவியார், நாங்கள் 'ஐயரம்மா' என்றழைத்தவர், என் அக்காள் எஸ்தருக்குப் பியானோ வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று நான் அரைத்த மருதாணியை அக்காளின் பத்து விரல்களுக்கும் 'தொப்பி'யாக வைத்திருந்தேன். மறுநாள் வாசிக்க வேண்டிய பாட்டின் கடைசிச் சுரத்தை ஒருமுறை கேட்டுவிடும் ஆவலில், அவள் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி, ஓசை முற்றிலும் அடங்கும்வரை பிடித்திருந்தாள். விரலை எடுத்தபோது தொப்பி கட்டையிலேயே தங்கிவிட்டதை, மங்கிய அவ்வெளிச்சத்தில் இருவருமே கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் தந்தத்தின்மேல் செம்பொட்டு.

எலுமிச்சையும் சாம்பலும் இட்டுத் தேய்த்து ஓய்ந்த தாயார், "யானத் தந்தமாம்டி இது. உங்கப்பன வித்தாலும் வராது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்காளோ, "வுடும்மா, அதுக்கும் பண்டிகதான" என்றாள்.

அடுத்த கிறிஸ்துமஸை அவள் காணவில்லை. மஞ்சள் காமாலை கண்டு விழுப்புரத்துக்கு வண்டியேற்றிச் சென்றவளைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். புகைப்படம் ஒன்றுகூட இல்லாத அவளுக்கு அந்தப் பொட்டே மீதியாயிற்று. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியேறியபின், அதன்மேல் ஒரு விரல் வைத்துவிட்டு வருவது என் வழக்கம்.

சென்ற ஆண்டு பியானோவைப் புதுப்பிக்கச் சென்னையிலிருந்து வந்தவர், சபைக் கமிட்டியில் இருந்த எங்களிடம் இரண்டு கேள்விகள் வைத்தார். மரத்தின் ரேகை தெரிய விடுவதா, கருப்பு பூசிப் பளபளப்பாக்குவதா? மஞ்சளேறிய தந்தத்தைத் துடைத்து அப்படியே வைப்பதா, வெண்ணிறப் பிளாஸ்டிக் ஒட்டுவதா? "என்னக் கேட்டா, பழசு பழசாவே இருக்கணும்ங்க. இந்தக் கறகூட இருந்துட்டுப் போவட்டும்" என்றார். கமிட்டியின் இளைய உறுப்பினர் ஒருவர் குனிந்து பார்த்து, "வெத்தல எச்சி துப்பன மாரி கீது. இத வச்சிக்கினு கல்யாணம் நடத்தறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருக்குகிறவளின் மகள் வைத்த கறை அது என்று சொல்ல, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு வெட்கமாயிருந்தது. வெண்மைக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

இன்று பியானோ கருங்கண்ணாடிபோல் மின்னுகிறது. என் முகம்கூட அதில் தெரிகிறது. பழைய தந்தத் தகடுகள் பெயர்க்கும்போதே நொறுங்கிக் குப்பைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஓசையைக் கேட்டு இன்னதென்று சொல்லவும் தெரியாது. கறையைக் கொண்டு மட்டுமே அவளுடைய கட்டையை அறிந்திருந்தேன். சென்ற ஞாயிறும் எல்லோரும் போனபின் அருகே சென்றேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் கட்டைகள், எல்லாம் ஒரே வெண்மை. எதன்மேல் விரல் வைப்பதென்று தெரியாமல், மூடியைச் சாத்திவிட்டு வந்தேன்.