ஆலாவும் அட்டையும்

நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் கடலட்டைகள் நாற்பத்தொன்று கிடந்தன. யுத்தம் முடிந்திருந்த அந்த ஆண்டில், கண்டக்குழிக் கரைக்கு வெளியே படகில் இருந்தபடி நான் அவற்றை மூன்றாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தேன். முழுகி எடுத்தவன் என் மனைவியின் தம்பி. அவன் முழுகுவான், நான் எண்ணுவேன். எங்கள் தொழில் அவ்வளவுதான்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரே தோணியில் கற்பிட்டிக்கு வந்தவர்கள் நாங்கள். இப்போது திரும்பிப் போகலாம் என்றார்கள். போவதென்று நான் முடிவெடுத்துவிட்டேன். ஆனால் தம்பி வராவிட்டால் மனைவியும் வரமாட்டாள். அதனால் ஒரு வாரமாக அவனை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

வலை மிதவைகளில் ஆலாப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. பதினேழு.

“இதுகளப் பார்,” என்றேன். “மன்னார் மணல்திட்டில குஞ்சு பொரிக்குதுகள். இஞ்ச வந்து மீன் தின்னுதுகள். பிறகும் அங்கதான் போகுதுகள். பறவைக்குள்ள புத்தி உனக்கு இல்லையே!”

“ஆலாவ ஆரும் வெரட்டல்லயே மச்சான். அது தன்ட விருப்பத்துக்குப் பறக்குது.”

தொட்டிக்குள் கைவிட்டு ஒரு சிறிய அட்டையைத் தூக்கினான். அதன் குடல் நூல்நூலாக வெளியே தொங்கியது.

“நாங்க இந்தச் சாதி. பயந்தாக் குடலக் கக்கிப்போடும். தண்ணியில உட்டாப் புதுக்குடல் வளரும். கக்கினதத் தேடி ஒரு அட்டையும் போனதில்ல.”

அதைக் கடலில் போட்டான்.

“நாப்பது,” என்றேன் எரிச்சலோடு.

“ஓம், நல்லா எண்ணுங்க,” என்று சிரித்தான்.

கரைக்கு வந்தபின், அவன் சொன்னது சரியா என்று ஒரு புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். சரிதான். ஆனால் புதுக்குடல் வளர வாரக்கணக்கில் ஆகுமாம்; அதுவரை அட்டையால் எதையும் தின்ன முடியாதாம். இதை நீ சொல்லவில்லையே என்று அவனை மடக்கக் கிளம்பியவன், எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்றுவிட்டேன். கற்பிட்டி அகதி முகாமின் முதல் மாதங்களில் அவன் சோற்றுக் கோப்பையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பான். “ஒரு பிடி தின்னுடா” என்று கெஞ்சிவிட்டு, என் மனைவி கோப்பையை மூடி வைப்பாள். அந்த முகாமில் கொட்டில்களை எண்ணினேன், தண்ணீர்க் குடங்களை எண்ணினேன். அவன் சாப்பிடாத நாட்களை எண்ணவில்லை.

அதன்பின் நான் அவனை மன்னாருக்குக் கூப்பிடவில்லை. நாங்களும் போகவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அவன் வீட்டில்தான் பகல் சோறு. மூன்று தடவை போட்டுத் தின்கிறான். அதை மட்டும் சத்தமில்லாமல் எண்ணுகிறேன்.