பதினொரு மொட்டைகள்

ஐரோப்பாவில் பந்தாடுகிறவர்கள் எல்லாம் என் மகனுக்கு அத்துப்படி. செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, ஏதாவது ஒரு கோலைக் காட்டி, "இந்த மாதிரி ஒரு ஆளை நீ பார்த்திருக்கியாம்மா?" என்பான். பார்த்திருக்கிறேன். புத்தூரில் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பான் என்பதால் சொல்வதில்லை.

எங்கள் ஊர் கிளப்பின் ஆட்டக்காரர்களைச் சாதாரண மனிதர்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கோல்கீப்பர் என் மாமா, அம்மாவின் தம்பி. வீட்டில் சட்னி காரம் என்று தண்ணீருக்கு அலறுகிற அதே ஆள், கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றுவிட்டால் அவரிடம் பேசவே எனக்குப் பயமாக இருக்கும். கேப்டனை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயர் கடை வைத்திருந்தார். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவர்கள் நொண்டாமல் வீடு திரும்பியதில்லை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ புத்தூருக்குத்தானே வருகிறார்கள், உடைத்தாலும் உள்ளூரிலேயே சரிபண்ணி அனுப்பிவிடலாம் என்கிற தைரியம் பாய்க்கு என்று நைனா, அதாவது என் அப்பா, சொல்வார்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே சுருட்டை. டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தோள்வரை புரளும் சுருட்டை முடியால் வந்த பெயர். இடது ஓரமாக அவர் பந்தோடு ஓட ஆரம்பித்தால் அந்த முடி பின்னால் பறக்கும், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். மூன்று பேர் வழிமறிப்பார்கள். அடுத்த நொடி அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவர் அப்பால் போயிருப்பார். ஒரு நாள் பயிற்சி முடிந்து போகிற போக்கில் என் தலையில் செல்லமாகத் தட்டி, "இன்னா பாப்பா, துன்னியா?" என்று கேட்டார். அவர் தொட்ட தலை என்று அன்று முழுக்க எண்ணெய் வைக்க விடாமல் அம்மாவைப் படுத்தி எடுத்தேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கிளப்புக்கே ஆபத்து வந்தது. தொடர்ந்து மூன்று வருடம் இறுதி ஆட்டத்தில் சித்தூர் அணியிடம் தோற்றிருந்தோம். வேனுக்கும் பூட்ஸுக்கும் பனியனுக்கும் செலவு செய்துகொண்டிருந்த அரிசி மில்காரர் சலித்துப்போய், இந்தத் தடவையும் தோற்றால் கிளப்பை மூடிவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா சுருட்டை ஊரில் இல்லாமல் போகவேண்டும்? பலமனேர் பக்கம் தன் கிராமத்துக்குப் போனவர் போனவர்தான். என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் இல்லாமல் சித்தூரை ஜெயிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. தெரிந்த சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். தலை மழமழவென்று மொட்டை.

"இன்னாடா இது? எப்போடா மலைக்குப் போன? லட்டு எங்க?" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. திருப்பதி கூப்பிடு தூரத்தில் இருக்கிறபோது வேறு என்ன காரணம் இருக்கப்போகிறது? நேராக லட்டுக்குக் கை நீட்டிவிடுவோம்.

"வேண்டுதல்க்கா. லட்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போய்விட்டார். பிரசாதம் வாங்காமல் மலையிலிருந்து இறங்கிய ஒரே மனுஷன் இவன்தான் என்று அம்மா ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நைனாவோடு கிளப் வேனில் ஏறிய நான் அப்படியே நின்றுவிட்டேன். எந்த சீட்டைப் பார்த்தாலும் மொட்டை. பாய்கூட மொட்டை.

"நைனா, பாய் எதுக்கு மலைக்குப் போனாரு?"

"பெருமாளுக்கு பாய் இன்னா, நாம இன்னா? கம்முனு உக்காரு" என்றார் நைனா.

சுருட்டையைத் தேடினேன். காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா என் காதருகில் குனிந்து, "வந்துகிறாரு. அதோ பார், கடைசி ஜன்னல்" என்றார். பார்த்தேன். அந்த முடி முழுவதும் போயிருந்தது. ஒல்லியான கழுத்தும் பெரிய காதுகளுமாக யாரோ ஒருவர் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்துவிட்டாரே என்று சந்தோஷப்படுவதா, முடி போய்விட்டதே என்று துக்கப்படுவதா என்று தெரியாமல் சித்தூர்வரை தேம்பிக்கொண்டே போனேன்.

மைதானத்தில் பதினொரு மொட்டைகள் வரிசையாக இறங்கியதும் சித்தூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. யாரோ ஒருவன் "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, கூட்டம் முழுக்க "கோவிந்தா, கோவிந்தா!" என்று திருப்பிச் சொன்னது. நைனாவின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆனால் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. சுருட்டையை மறிப்பதற்கென்றே அவர்கள் இரண்டு ஆட்களை வைத்திருந்தார்கள். பாவம், அந்த இரண்டு பேருக்கும் அவருடைய முடியைத்தான் அடையாளம் தெரியும். ஒருவன் ஓரத்தில் நின்ற தன் கோச்சைப் பார்த்து, "ஏ குண்டு சார்?" என்று கத்தினான். எந்த மொட்டை சார் என்று தெலுங்கில் கேட்கிறான். கோச்சுக்குத் தெரிந்தால்தானே! அவர் கை காட்டிய மொட்டையை இருவரும் விழுந்து விழுந்து துரத்தினார்கள். அது வேறு மொட்டை.

ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் பாய் உதைத்த பந்து இடது ஓரத்துக்குப் போனது. அங்கே அவர் இருந்தார். பறக்க முடி இல்லாததால் முதல்முறையாக நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். அதுவரை முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு மெதுவாகத் தொடுகிறார்! தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோலப் பந்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினார். மறித்தவன் தவறான பக்கம் சாய்ந்தான். கீப்பர் முன்னால் ஓடி வந்தான். பந்து அவன் கைக்கு எட்டாமல் உருண்டு வலைக்குள் போய் நின்றது. அப்படி ஒன்றை அதற்குப் பிறகு நான் எந்தச் செல்போனிலும் பார்த்ததில்லை.

கோப்பை வந்தது. கிளப் பிழைத்தது. மில்காரர் அந்த இடத்திலேயே புதுப் பூட்ஸ் வாங்கித்தருவதாகச் சொன்னார். எனக்கு மட்டும் ஒரு குறை. எப்போதும் கோல் போட்டதும் கைகளை விரித்துக்கொண்டு நாங்கள் நிற்கிற பக்கம் ஓடி வருவார். அன்று வரவில்லை. திரும்பும்போது வேனில் மாமாவிடம் புகார் சொன்னேன். "அவனுக்குக் களைப்பும்மா" என்றார் மாமா.

பல வருடம் கழித்து, மாமா மகள் கல்யாணத்துக்கு சுருட்டை வந்திருந்தார். இப்போது நிஜமாகவே வழுக்கை. பந்தியில் உட்கார்ந்திருந்தவரை மாமாவிடம் காட்டி, வேண்டுதல் மொட்டையால் சித்தூரை ஏமாற்றிய கதையைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"அது வேண்டுதல் இல்லம்மா. அவன் நைனா பூட்டாரு. கருமாதி முடிச்சி மொட்டைத் தலையோட, பனியனத் திருப்பிக் குடுக்கத்தான் பாய் கடைக்கு வந்தான். அப்பன் செத்த ஈரம் காயல, அதுக்குள்ள பந்தாட வந்துட்டான்னு பேசுவாங்க, நான் வரலன்னு அழுதுக்கினே நின்னான். பாய் நேரா எதிர்ல இருந்த சலூனுக்குப் போயி நாற்காலில உக்காந்துக்கினாரு. 'எனக்கும் எடு'ன்னாரு. அப்புறம் நாங்கல்லாம் வரிசையா நின்னோம்."

மாமா பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். நான் பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன்.

அன்று பந்து வலைக்குள் போனதும் பத்து பேரும் அவரிடம் ஓடினார்கள். மாமாகூடத் தன் கோலைக் காலியாக விட்டுவிட்டு மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். ஒருவரும் அவரைத் தூக்கவில்லை, ஒருவரும் குதிக்கவில்லை. அவர் முகத்தை பாய் தன் நெஞ்சில் புதைத்துக்கொள்ள, மற்றவர்கள் தோளோடு தோள் நெருக்கி, வெளியிலிருந்து யாருக்கும் தெரியாதபடி சுற்றி நின்றுகொண்டார்கள். அத்தனை மொட்டைகளுக்கு நடுவில் ஒரு முதுகு குலுங்கிக் குலுங்கி அடங்குவது மட்டும் இடுக்கில் எனக்குத் தெரிந்தது. நான் நைனாவின் தலையைத் தட்டி, சந்தோஷம் தாங்காமல் கத்தினேன்: "அங்க பார் நைனா, எப்படிச் சிரிக்கிறாருன்னு!"