நோன்பு வாடை

நான் கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனின் மணம் எப்படியிருக்கும் என்று ஆய்வுகூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முகரக் கொடுத்திருக்கிறேன்.

போன ரமழானில் என் கணவர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்.

"பகலெல்லாம் சாப்பாடே இல்ல. பிறகு ஊசி என்னத்துக்கு?" என்றார்.

பாடசாலை, விடியுமுன் ஸஹர் சமையல், நோன்புக் கஞ்சி என்று களைத்துக் கிடந்த நானும் மறுத்துக் கதைக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் அவருடைய வாயில் பழம் அழுகியதுபோல் ஒரு மணம் வந்தது. நோன்பாளியின் வாய் வாடையை நாங்கள் குறை சொல்வதில்லை. இறைவனுக்கு அது கஸ்தூரியைவிட உவப்பானது என்று கேட்டு வளர்ந்தவர்கள். நான் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழ எழுந்தவர் மூச்சு வாங்கிச் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவர் முகத்தருகே குனிந்து நிமிர்ந்தார்.

"இந்த மணம் எப்ப தொடங்கின?"

"அது நோன்பு வாடை, டொக்டர்."

"இல்லம்மா, இது அசற்றோன். இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்ப உடைச்சிருக்கு. ரத்தம் அமிலமாகிட்டு."

அசற்றோனின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் என் கை மடியில் சும்மா கிடந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். இந்த ரமழானில் வீட்டில் எனக்கு மட்டும்தான் நோன்பு. பாடசாலை விட்டு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அவர் முகத்தருகே குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன்.

"இந்த வயசில பாசம் கூடிப்போச்சு" என்று சிரிக்கிறார்.

"ஓம்" என்றுவிட்டுத்தான் பையைக் கீழே வைக்கிறேன்.